புழு வளர்த்த அம்மையார்: மரியா சிபில்லா மெரியன்

ஆண்டிதழுக்குச் சான்றோர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தர வேண்டும் என்று ஆசிரியர் குழு கேட்டபோது, நானும் ஒரு புலவரையோ சமுதாயத் தலைவரையோ தேர்ந்தெடுப்பேன் என்றுதான் நண்பர்கள் எதிர்பார்த்திருப்பார்கள். 300 ஆண்டுகளுக்கு முன் மறைந்த ஜெர்மானிய ஓவியர் ஒருவரைப் பற்றி எழுதப் போகிறேன், அதுவும் புழு வளர்த்த ஓர் அம்மையாரைப் பற்றி, என்று சொன்னதும் அறையில் சற்றுச் சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பில் தவறில்லை. சென்ற ஆண்டு இறுதி விடுமுறை வரை அவருடைய பெயரை நானும் கேள்விப்பட்டதில்லை.

எல்லாம் ஓர் எலுமிச்சைச் செடியில்தான் தொடங்கியது. எங்கள் வீட்டின் பின்புறம், துணி காயப் போடும் இடத்தில், பழைய சாய வாளி ஒன்றில் பாட்டி வைத்த செடி அது. ஒரு காலையில் அதன் இலைமேல் பறவை எச்சம் ஒட்டியிருப்பதைக் கண்டு துடைக்கப் போனேன். பாட்டி தடுத்துவிட்டார். அது எச்சம் இல்லை, புழு என்றார். குனிந்து பார்த்தேன். பழுப்பும் கறுப்புமாய், நடுவில் வெள்ளைத் திட்டுடன் கிடந்த அந்த எச்சத்திற்குக் கால்கள் இருந்தன. இளம் வயதிலிருந்து தோட்டப்புறத்தில் பால்மரம் வெட்டியவர் பாட்டி. விடியுமுன் நெற்றி விளக்கு வெளிச்சத்தில் மரப்பட்டையைப் பார்த்துப் பழகிய கண்கள் அவருடையவை. மூன்றாண்டுகளாகப் பல்கலைக்கழக நூலகத்தில் பழகிய என் கண்களுக்கு அது எச்சமாகத்தான் தெரிந்தது.

கொழுந்து இலைகளில் இன்னும் தேடச் சொன்னார். குண்டூசித் தலையளவில் வெளிர் மஞ்சள் முட்டைகள் தனித்தனியாக ஒட்டியிருந்தன. முட்டைகள் இருந்த இலைகளைக் கிள்ளி, மூடியில் துளையிட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தேன். மூன்று நான்கு நாள்களில் பொரிந்தன. பொரிந்த புழு முதலில் தின்றது தன் முட்டை ஓட்டைத்தான். பிறகு நான்கு முறை தோலுரித்தது. கடைசியாகத் தோலுரித்தபோது எச்ச வேடம் போய், பசுமையான உடலில் பழுப்புப் பட்டைகள் தோன்றின. தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் இரட்டைக் கொம்பு நீண்டு, அழுகிய ஆரஞ்சு போல் ஒரு வாடை வீசியது. இரண்டு வாரங்களில் இரைப்பையைக் காலி செய்துகொண்டு, குச்சியில் வால் நுனியை ஒட்டி, இடுப்பைச் சுற்றி ஒரே ஓர் இழையைக் கயிறு போல் கட்டி, கூட்டுப்புழுவாகிவிட்டது.

ஐந்து வளர்த்தேன். நான்கு, எலுமிச்சை வண்ணத்துப்பூச்சிகளாக வெளிவந்தன. கறுப்பு இறக்கையில் வெளிர் மஞ்சள் திட்டுகள், பின்னிறக்கையில் செங்கல் நிறத்தில் ஒரு பொட்டு. ஐந்தாவதை மட்டும் டப்பா நிறைந்துவிட்டதால் குச்சியோடு செடியிலேயே விட்டிருந்தேன். அது நாளுக்கு நாள் பழுப்பேறியது. பிறகு ஒரு காலையில் அதில் சிறு துளை ஒன்று தெரிந்தது. அதன் வழியே எறும்பைவிடச் சிறிய குளவிகள் ஒன்றன்பின் ஒன்றாய் வந்தன. அன்று முழுவதும் எனக்கு மனமே சரியில்லை. என் கவனக்குறைவால் ஓர் உயிரைக் கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன். உயிரியல் படிக்கும் தோழி ஒருத்தியிடம் இதைச் சொன்னபோது, இதே காட்சியை 17ஆம் நூற்றாண்டிலேயே ஒரு பெண் பார்த்து, வரைந்து, அச்சிலும் ஏற்றியிருக்கிறார் என்று கூறி மரியா சிபில்லா மெரியன் என்ற பெயரை எழுதிக் கொடுத்தாள்.

மரியா 1647ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் நாள் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் பிறந்தார். தந்தை மத்தேயுஸ் மெரியன், ஐரோப்பா அறிந்த செப்புத்தகட்டுச் செதுக்கு ஓவியர், பதிப்பாளர். மகளுக்கு மூன்று வயதானபோதே அவர் காலமானார். தாயார் அடுத்த ஆண்டே யாகோப் மாரெல் என்னும் மலர் ஓவியரை மறுமணம் செய்துகொண்டார். மாற்றாந்தந்தை என்றால் நம் கதைகளில் கொடுமைக்காரராகத்தான் இருப்பார். மாரெல் அப்படியில்லை. தம் மாணவர்களோடு சேர்த்து அந்தச் சிறுமிக்கும் தூரிகை பிடிக்கக் கற்றுக் கொடுத்தார்.

1660இல், 13 வயதில், மரியா பட்டுப்புழு வளர்க்கத் தொடங்கினார். பட்டு வாணிகம் நடந்த ஊரில் பட்டுப்புழு கிடைப்பது அரிதன்று. ஆனால் அவர் பட்டோடு நிற்கவில்லை. மற்றப் புழுக்களிலிருந்து இதைவிட அழகான பூச்சிகள் வருவதைக் கண்டு, கண்ணில் பட்ட புழுவையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவரலானார். எந்தப் புழு எந்த இலையைத் தின்கிறது, எத்தனை நாளில் கூடு கட்டுகிறது, கூட்டிலிருந்து எது வருகிறது என்று பார்த்துப் பார்த்துக் குறித்தார், வரைந்தார். இந்தப் பழக்கம் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அவரைவிட்டு நீங்கவில்லை.

அக்காலத்து நம்பிக்கையை நினைத்துப் பார்த்தால்தான் இதன் அருமை விளங்கும். பூச்சிகள் சேற்றிலிருந்தும் அழுகலிலிருந்தும் தாமாகவே தோன்றுகின்றன என்று படித்தவர்களே நம்பிய காலம் அது. இறைச்சியில் நெளியும் புழுக்கள் ஈக்களின் முட்டையிலிருந்தே வருகின்றன என்று இத்தாலியர் ஃபிரான்செஸ்கோ ரெடி சோதித்து வெளியிட்டது 1668இல். அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே ஃபிராங்க்ஃபர்ட்டில் ஒரு சிறுமி பெட்டிக்குள் புழுக்களை வைத்துக் காத்துக் கொண்டிருந்தாள்.

1665இல் மாரெலின் மாணவர் யோஹான் ஆண்ட்ரியாஸ் கிராஃப் என்பவரை மணந்தார். குடும்பம் நியூரம்பெர்க் நகரில் குடியேறியது. இரண்டு பெண் குழந்தைகள்: 1668இல் யோஹானா ஹெலெனா, 1678இல் டோரத்தியா மரியா. மணமாகாத பெண்களுக்கு ஓவியமும் பூத்தையலும் கற்றுக் கொடுத்து வருமானம் தேடிக்கொண்டார். சமையல், பிள்ளை வளர்ப்பு, பாடம், இவற்றுக்கிடையில் புழுக்களுக்கும் வேளாவேளைக்குத் தழை போட்டாக வேண்டும். ஒரே வகை இலையைத் தவிர வேறெதையும் தொடாத புழுக்கள் பல உண்டு. ஐந்து புழுவுக்கு எலுமிச்சைக் கொழுந்து தேடி அக்கம்பக்கத்து வாசல்களில் நின்ற எனக்கு அந்தப் பாடு கொஞ்சம் தெரியும்.

1679இல் அவருடைய புழு நூலின் முதல் தொகுதி வெளிவந்தது. புழுக்களின் வியத்தகு மாற்றம், அவை உண்ணும் மலர்கள் என்று தலைப்பிலேயே இரண்டையும் இணைத்திருந்தார். 50 தகடுகள். 1683இல் வந்த இரண்டாம் தொகுதியில் மேலும் 50. அவருக்கு முன்னும் பூச்சிகளின் உருமாற்றத்தை வரைந்தவர்கள் இருந்தார்கள். நெதர்லாந்தின் யான் குடார்ட் 1662லேயே ஒரு நூல் வெளியிட்டிருந்தார். ஆனால் அங்கே பூச்சிகள் வெற்றுத் தாளில் நின்றன. மெரியனின் தகட்டில் நடுவே செடி நிற்கிறது. அதன் இலையில் புழு, புழு கடித்த ஓட்டை, காம்பில் கூட்டுப்புழு, மேலே பறக்கும் பூச்சி, தாம் கண்டவிடத்து முட்டையும். ஒரு பூச்சியின் முழு வாழ்வும் அது வாழும் செடியோடு ஒரே பக்கத்தில். இன்று பள்ளிப் பாடநூலில் நாம் பார்க்கும் வாழ்க்கைச் சுழற்சிப் படங்களுக்கு இவருடைய பக்கங்களையே முன்னோடி என்று கொள்ளத் தோன்றுகிறது.

என் குளவிகளும் அங்கே இருந்தன. சில கூடுகளிலிருந்து எதிர்பார்த்த பூச்சிக்குப் பதில் ஈக்களும் குளவிகளும் வருவதை மெரியன் பலமுறை கண்டார். வேறொரு பூச்சி புழுவின் உடலில் முட்டையிட்டு, அதன் குஞ்சுகள் உள்ளிருந்தே தின்று வளர்கின்றன என்ற விளக்கம் அவரிடம் இல்லை. அது முறைதவறிய மாற்றம் என்றே எண்ணினார். ஆனாலும் மறைக்கவில்லை. பிழையாகத் தெரிந்ததையும் வண்ணத்துப்பூச்சிக்குப் பக்கத்திலேயே வரைந்து வைத்தார். தமக்குப் புரியாத ஒன்றை அழகான பக்கத்திலிருந்து விலக்கிவிட எந்த ஓவியருக்கும் ஆசை வரும். இங்கேதான் எனக்கு அவர்மேல் பெருமதிப்பு ஏற்பட்டது. நானோ, கவனக்குறைவு என்று வெட்கப்பட்டு, அந்த ஐந்தாவது கூட்டைப் பற்றிய பக்கத்தைக் குறிப்பேட்டிலிருந்து கிழித்திருந்தேன்.

1681இல் மாரெல் இறந்தார். மரியா தாயாருக்குத் துணையாக ஃபிராங்க்ஃபர்ட் திரும்பினார். அதன் பிறகு மணவாழ்க்கை நிலைக்கவில்லை. 1685 வாக்கில் தாயையும் இரு மகள்களையும் அழைத்துக்கொண்டு நெதர்லாந்தின் ஃபிரீஸ்லாந்து பகுதியில், உலக ஆசைகளைத் துறந்து கூட்டாக வாழ்ந்த லபாடி சமயக் குழுவினரிடம் போய்ச் சேர்ந்தார். கணவர் தேடி வந்தபோது உடன் செல்ல மறுத்துவிட்டார். அங்கேயும் சும்மா இருக்கவில்லை, தவளையை அறுத்து முட்டைகளை ஆராய்ந்தார். தாயார் 1690இல் மறைந்தபின், 1691இல் மகள்களோடு ஆம்ஸ்டர்டாம் நகருக்கு வந்தார். மறு ஆண்டு மணமுறிவும் ஆயிற்று.

ஆம்ஸ்டர்டாம் அன்று உலக வாணிகத்தின் நடுவிடம். செல்வந்தர் வீடுகளில் கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்த பூச்சிகள் பெட்டி பெட்டியாக ஊசி குத்தி அடுக்கப்பட்டிருந்தன. மெரியன் அவற்றைப் போய்ப் பார்த்தார், வியந்தார், ஆனால் நிறைவு பெறவில்லை. அவை எந்தப் புழுவிலிருந்து வந்தன, என்ன தின்றன என்று அந்தப் பெட்டிகளில் எங்கும் எழுதியிருக்கவில்லை. செத்த பூச்சி அவருக்குப் போதவில்லை.

எனவே 1699இல், 52ஆம் வயதில், தம் ஓவியங்களில் 255ஐ விற்று, உயிலும் எழுதி வைத்துவிட்டு, 21 வயது இளைய மகள் டோரத்தியாவுடன் தென் அமெரிக்காவின் சுரினாமுக்குக் கப்பலேறினார். அது டச்சுக்காரரின் கரும்புக் குடியேற்ற நாடு. அரசு அனுப்பவில்லை, எந்தக் கழகமும் அனுப்பவில்லை, ஆண் துணையும் இல்லை. அறிவியலுக்காகவே இப்படிப் பெருங்கடல் தாண்டிச் சென்ற ஐரோப்பியர் அன்று மிகச் சிலரே.

பாராமரிபோ ஊரிலும் சுரினாம் ஆற்றங்கரைத் தோட்டங்களிலும் 21 மாதங்கள் தங்கினார். வெயில் தாங்க முடியவில்லை. காட்டில் முள்ளும் கொடியும் வழிவிடவில்லை. ஆட்களை முன்னே அனுப்பிப் பாதை வெட்டச் சொல்லித்தான் நடக்க முடிந்தது. கரும்பைத் தவிர வேறெதையும் தேடி வந்த இந்தப் பெண்ணைத் தோட்ட முதலாளிகள் கேலி செய்தார்கள். நோய் கண்டு உடல் நலிந்ததால், 1701 ஜூன் மாதம் கப்பலேறி செப்டம்பரில் ஆம்ஸ்டர்டாம் திரும்பினார்.

1705இல் சுரினாம் பூச்சிகளின் உருமாற்றம் என்னும் நூல் 60 பெரிய தகடுகளுடன் டச்சு, இலத்தீன் ஆகிய இரு மொழிகளில் வெளிவந்தது. முதல் தகட்டில் அன்னாசி, அதன் மேல் கரப்பான்பூச்சிகள். மரவள்ளி, கொய்யா, பப்பாளி, முந்திரி என்று புரட்டிக்கொண்டே போனால் நம் வீட்டுக் கொல்லைப்புறத்தில் நடப்பது போல் இருக்கிறது. இவையெல்லாம் அந்தக் கண்டத்திலிருந்து நம் பக்கம் வந்தவை என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

45ஆம் தகட்டில் நான் நின்றுவிட்டேன். செம்மையும் மஞ்சளுமாய் மயில்கொன்றைப் பூ. கோயில் வளாகங்களிலும் பள்ளி வேலியோரங்களிலும் நாம் அன்றாடம் பார்க்கும் அதே பூ. அந்தச் செடியின் விதையைப் பற்றி, அடிமைப் பெண்கள் தம்மிடம் நேரில் சொன்னதை மெரியன் எழுதியிருக்கிறார். டச்சு எசமானர்களிடம் கொடுமைப்பட்ட பூர்வகுடிப் பெண்கள், தங்கள் பிள்ளைகளும் அடிமைகளாகப் பிறக்கக் கூடாது என்று, அந்த விதையைக் கொண்டு கருவைக் கலைத்தார்களாம். ஆப்பிரிக்காவின் கினியிலிருந்தும் அங்கோலாவிலிருந்தும் கொண்டுவரப்பட்ட பெண்களும், தங்களைச் சரியாக நடத்தாவிட்டால் பிள்ளை பெறமாட்டோம் என்ற உறுதியில் இருந்தார்களாம். சிலர் தம் உயிரையே மாய்த்துக் கொண்டார்கள், இறந்தால் சொந்த நாட்டில் சுதந்திரமாகப் பிறப்போம் என்ற நம்பிக்கையில். ஒரு பூச்சி நூலில், பூவுக்கும் புழுவுக்கும் பக்கத்தில், இதை அச்சிட்டிருக்கிறார் அந்த அம்மையார்.

அதே வேளையில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மெரியனுக்குப் பாதை வெட்டியவர்களும், புழு பிடித்துக் கொடுத்தவர்களும், செடிகளின் பயனைச் சொன்னவர்களும் பூர்வகுடிகளும் அடிமைகளுமே. அவருடைய பணிக்கும் அடிமைகள் இருந்தார்கள். திரும்பும்போது பூர்வகுடிப் பெண் ஒருத்தியை ஆம்ஸ்டர்டாமுக்கு உடன் அழைத்து வந்தார். புழுவுக்கும் இலைக்கும் அவ்வளவு கவனமாகக் கணக்கு எழுதியவரின் நூலில், இவர்களில் ஒருவர் பெயரும் இல்லை.

தோட்டப்புறத்திலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை இந்த வரிகளை எளிதில் கடந்து போக முடியாது. நம் முன்னோர் அடிமைகளாக வந்தவர்கள் அல்லர். ஒப்பந்தக் கூலிகளாகவும் கங்காணி வழியாகவும் வந்தவர்கள். இரண்டும் ஒன்றென்று சொல்வது அந்த மக்களின் துயரத்தைக் குறைத்துப் பேசுவதாகும். ஆனாலும் பிறை வட்டாரத்துக் கரும்புத் தோட்டங்களில் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழர் வெட்டிய கரும்பு என் நினைவுக்கு வந்தது. சுரினாமில் அடிமை முறை 1863இல் ஒழிந்தது. 1873இல் அந்த இடத்தை நிரப்ப முதல் கப்பல் இந்தியாவிலிருந்து சென்றது. அதில் சென்றவர்கள் பெரும்பாலும் வட இந்தியர்.

மெரியனின் நூலில் தவறுகளும் உண்டு. அங்கிருந்தோர் சொன்னதை நம்பி, சில்வண்டு ஒன்று விளக்குப்பூச்சியாக மாறும் என்று எழுதிவிட்டார், அதன் தலை ஒளியில் படிக்கலாம் என்றும் குறித்தார். அந்தப் பூச்சி ஒளிர்வதில்லை. தாம் வளர்த்துப் பார்த்தவற்றில் உறுதியாக நின்றவர், கேட்டதை எழுதியபோது சறுக்கினார். இதைப் பிடித்துக்கொண்டு பின்னாளில் வந்தவர்கள் அவர் சொன்ன உண்மைகளையும் சேர்த்தே தள்ளினார்கள். கொய்யா மரத் தகட்டில் ஒரு பெரிய சிலந்தி சிறு பறவையைப் பிடித்துத் தின்பதாக வரைந்திருந்தார். சுரினாமுக்கே போகாத ஆங்கிலப் பாதிரியார் லான்ஸ்டவுன் கில்டிங் 1834இல் இந்த நூலைக் கடுமையாகச் சாடினார். பெண்ணின் கற்பனை என்ற முத்திரை ஒட்டிக்கொண்டது. 1863இல் ஹென்றி பேட்ஸ், அமேசான் காட்டில் சிலந்தி பறவைகளைக் கொன்றிருந்ததைத் தாமே கண்டதாக எழுதிய பிறகுதான் அந்தச் சிலந்திக்கு நியாயம் கிடைத்தது. இந்த பேட்ஸோடு 1848இல் அமேசானுக்குச் சென்றவர்தான், பின்னர் 1854இல் சிங்கப்பூரில் வந்திறங்கி மலாய்த் தீவுகளை ஆராய்ந்த ஆல்பிரட் வாலஸ்.

1715இல் மெரியனைப் பக்கவாதம் தாக்கியது. 1717 ஜனவரி 13ஆம் நாள் ஆம்ஸ்டர்டாமில் காலமானார். இறப்புப் பதிவேட்டில் வசதியற்றவர் என்று குறித்தார்கள். அதே நாள்களில் ரஷ்யப் பேரரசர் பீட்டரின் ஆட்கள் அவருடைய ஓவியங்களைப் பெரும்பணம் கொடுத்து வாங்கிக் கொண்டிருந்தார்கள். புழு நூலின் மூன்றாம் தொகுதியை டோரத்தியா அந்த ஆண்டே வெளியிட்டார். பிறகு கணவருடன் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் சென்றார். அம்மையார் சிறு வயது முதல் எழுதி வந்த குறிப்பேடும் அந்நகர அறிவியல் கழகத்திடம் போய்ச் சேர்ந்தது. உயிரினங்களுக்குப் பெயரிட்ட லின்னேயஸ் பல இடங்களில் அவருடைய தகடுகளையே சான்றாகக் காட்டினார். யூரோ வரும்வரை ஜெர்மனியின் 500 மார்க் தாளில் அவர் முகம் இருந்தது. 2018இல் பனாமாவில் கண்டறியப்பட்ட அரிய கருநிற வண்ணத்துப்பூச்சி ஒன்றுக்கு சிபில்லா என்ற அவருடைய பெயரையே சூட்டினார்கள்.

இதை எழுதத் தொடங்கியபோது மீண்டும் வளர்க்க ஆரம்பித்தேன். புதுக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில், செடி வைத்தவர், புழுவைக் கண்டுபிடித்தவர் என்று பாட்டியின் பெயரை எழுதினேன். கிழித்த பக்கத்தையும் நினைவிலிருந்து மறுபடி எழுதிச் சேர்த்தேன், குளவிகளோடு. பாட்டி அதைப் பார்த்துவிட்டு, தம் பெயரை எதற்குப் புழுக் கணக்கில் சேர்த்தாய் என்று கேட்டார். இம்முறை மூன்று கூடுகள். எட்டாம் நாளான இன்று, ஒன்றின் தோல் மெலிந்து உள்ளே கறுப்பும் மஞ்சளும் தெரிகின்றன. இரண்டாவது இன்னும் பச்சையாக இருக்கிறது. மூன்றாவது பழுப்பேறி வருகிறது. அதையும் நாள்தோறும் வரைந்து வருகிறேன்.